கஸ்பாருக்கு ஓர் எதிராளி

உப்பளங்களுக்கு நடுவே இருந்த ஓர் ஊரில் ஓர் ஆசான் இருந்தார். அவருடைய சீடனுக்கு அவரைவிட ஆறு வயது கூடுதல். எடையோ இரண்டு பங்கு. அதனால் ஆசான் சீடனை ‘அண்ணே’ என்பார், சீடன் அவரை ‘ஆசானே’ என்பான். ஊர் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டது.

சீடன் பெயர் கஸ்பார். குத்துச்சண்டைக்காரன், அதிலும் ஹெவிவெயிட். ஒரு காலத்தில் துறைமுக மைதானத்தில் அவன் சண்டை என்றால் உட்கார இடம் கிடைக்காது. பிறகு கொச்சிக்காரன் வர்கீஸ் ஐந்தாவது ரவுண்டில் அவனைத் தரையில் கிடத்தினான். அதற்கப்புறம் ஒரு வருஷமாக ஒருவரும் கூப்பிடவில்லை. மீன்களுக்கு ஐஸ் உடைத்துப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆசான் அருமைநாயகம் காற்றடித்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய ஆள். மூச்சிளைப்பு வேறு. மேடையேறி ஒரு குத்துகூட விட்டதில்லை. பின்னே எதற்கு ஆசான் என்று கேட்டால், அவர் நன்றாகப் பார்ப்பார், பார்த்ததை உடனே சொல்லிவிடமாட்டார், அவ்வளவுதான். கஸ்பார் விழுந்த அன்றும் அவன் மூலையில் தண்ணீரும் துண்டுமாக நின்றிருந்தவர் அவர்தான்.

கஸ்பாருக்கு ஒரு கனவு உண்டு. மத்தியானத்தில் கண் அசந்தால் வரும். வர்கீஸின் கை மெதுவாக, தண்ணீருக்குள் நீந்தி வருவதுபோல வரும். பட்டதா இல்லையா என்று தெரியாது. அப்புறம் தரை. தரை குளுகுளுவென்று இருக்கும். சனங்களின் கூச்சல் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும். நடுவர் எண்ணுவார். ஒவ்வோர் எண்ணும் தாலாட்டு மாதிரி மேலே வந்து இறங்கும். உலகத்தில் அப்படி ஒரு சுகம் கிடையாது.

விழித்ததும் வெட்கம் பிடுங்கித் தின்னும். ஏனென்றால் அது முழுக்கக் கனவில்லை. அன்றைக்கு ஆறு என்று எண்ணும்போதே அவன் கால்களுக்குத் தெம்பு திரும்பியிருந்தது. எழுந்திருக்க முடியும் என்பதும் தெரிந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. இதை அவன் யாரிடமும், பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூட, சொன்னதில்லை.

மார்கழியில் ஒருநாள், சண்டைகளுக்கு ஏற்பாடு செய்கிற சிங்கராயர் வந்தார். தை பிறந்ததும் கஸ்பாருக்கு ஒரு சண்டை தருவதாகச் சொன்னார். மூன்று பேர் இருக்கிறார்கள், யார் வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். இதில் கஸ்பார் சரியாக வரவில்லை என்றால் தான் மட்டுமல்ல, இந்தக் கடற்கரையில் வேறு எவனும் அவனைக் கூப்பிடப் போவதில்லையாம்.

மூவரில் ஒருவன் வெயிலுமுத்து. லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், ஆள் ஆனை மாதிரி, ஆனால் குத்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். இன்னொருவன் வர்கீஸேதான். மூன்றாமவன் தங்கப்பழம் என்று ஒருத்தன், மாவு மில்லில் வேலை. அவனைப் பற்றிச் சொல்வதற்கு சிங்கராயருக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு ஜெயித்தால் நாலு தோற்பான் என்றார்.

சாயங்காலம் கஸ்பார் ஆசானிடம் போனான். ஆசானின் கொட்டகை உப்பளத்தின் கரையில் இருந்தது. மழைக்காலமானதால் பாத்திகளெல்லாம் தண்ணீர் நிறைந்து, ஆகாயம் தரையில் விரித்துக் கிடந்தது. ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் அதன் மேல் மிதப்பதுபோல நின்றன.

“வர்கீஸ்ட்டயே மோதுதேன் ஆசானே,” என்றான் கஸ்பார். “எங்க விழுந்தேனோ அங்கதான எந்திரிக்கணும்.”

சொல்லும்போது அவனுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ஐஸ் உடைக்கிற இடத்தில் இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனம் அது.

“கேக்க நல்லாருக்கு அண்ணே,” என்றார் ஆசான்.

சண்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சண்டைக்கு முன் ஒருவன் கையில் துணி சுற்றும்போது எதிர்த்தரப்பிலிருந்து ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். துணிக்குள் எதையும் ஒளித்து வைத்துவிடக் கூடாதே, அதற்காக. அந்த மாதம் மூவருக்கும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்களோடு சண்டை இருந்தது. ஆசான் அங்கங்கே பேசி, மூன்று இடத்துக்கும் கஸ்பாரையே பார்வையாளாக அனுப்ப ஏற்பாடு செய்தார்.

“என்ன பாக்கணும் ஆசானே?”

“கையைத்தான்.”

புறப்படுகிற அன்று ஆசான் அவனுடைய இரண்டு கைகளிலும் நீலத் துணியை இறுகச் சுற்றிவிட்டார். திரும்பி வந்து அவரே அவிழ்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது என்றார். இது எதற்கு என்று கஸ்பார் கேட்டதற்கு, சும்மா கிடக்கட்டும் என்றார்.

வெயிலுமுத்துவின் சண்டை கோவில்பட்டியில். கைத்துணியோடு பஸ்ஸில் ஏறிய கஸ்பாரைக் கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்து, டிக்கெட்டை அவன் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். அங்கே போனால், சண்டை உனக்கா அவனுக்கா என்று ஆளாளுக்குக் கேலி. வெயிலுமுத்துவின் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. சுற்றுகிறவர் இரண்டு தடவை துணியைத் தவறவிட்டார். அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து வெயிலுமுத்து குனிந்து கேட்டான்.

“அண்ணே, ரொம்ப வலிக்குமா?”

கஸ்பாருக்குப் பாவமாகிவிட்டது. கொஞ்ச நேரம்தான் வலிக்கும் என்று சொல்லிவிட்டு வந்தான். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினான்.

ஆசான் துணியை அவிழ்த்தார். துவைக்காமல் அப்படியே கொட்டகைக்கு வெளியே கொடியில் போட்டார்.

வர்கீஸின் சண்டை நாகர்கோவிலில். ஆசான் வேறொரு நீலத் துணியைச் சுற்றி அனுப்பினார். அங்கே அறையே கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. ஒருத்தர் துணி நீட்ட, ஒருத்தர் சுற்ற, வர்கீஸ் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். கஸ்பாரை அடையாளம் கண்டதும் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக நலம் விசாரித்தான். டீ வாங்கி வரச் சொன்னான். கஸ்பாரால் டம்ளரைச் சரியாகப் பிடிக்க முடியாததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பகை இல்லை. துணி ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்றாக ஏறிக்கொண்டே போனது. பார்த்துக்கொண்டிருந்த கஸ்பாருக்கு உடம்பெல்லாம் லேசாகி, கண் சொருகிக்கொண்டு வந்தது. எங்கேயோ தாலாட்டு எண்ணுவதுபோல இருந்தது. இவனோடுதான் என்று மனசு முடிவுகட்டியது.

ஆசான் இரண்டாவது துணியையும் அவிழ்த்துக் கொடியில் போட்டார். கஸ்பார் தன் முடிவைச் சொன்னான். அவர் தலையாட்டி, இன்னும் ஒரு ஊர் பாக்கி இருக்கிறதே என்றார்.

தங்கப்பழத்தின் சண்டை திசையன்விளையில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். கஸ்பார் போனபோது அவன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, தன் கைக்குத் தானே துணி சுற்றிக்கொண்டிருந்தான். புருவத்தில் இன்னும் மாவு இருந்தது. சுற்று கோணலாகிவிட்டது என்று அவிழ்த்தான். மறுபடி சுற்றினான். மறுபடியும் அவிழ்த்தான். கோபமே வரவில்லை. கடைசியில் நுனியைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிக் கஸ்பாரிடம் கையை நீட்டினான். கஸ்பார் பிடித்தான்.

“எத்தனை ரவுண்டுன்னு சொன்னாங்க?” என்று கேட்டான் தங்கப்பழம்.

“ஆறு.”

“சரி, ஆறும் நிக்கணும்,” என்றான் அவன், பஸ்ஸுக்கு நிற்பதைச் சொல்வதுபோல.

கஸ்பாருக்கு என்னவோ செய்தது. வேலை முடிந்தும் அவன் கிளம்பவில்லை, சண்டையைப் பார்க்க நின்றான். பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றுமே இல்லை. தங்கப்பழம் குத்து வாங்கினான், குத்து கொடுத்தான். அவன் கொடுத்த எந்தக் குத்துக்கும் எதிராளி விழவில்லை. வாங்கிய எந்தக் குத்துக்கும் அவன் விழவில்லை. மணி அடித்தால் உட்கார்ந்தான், மணி அடித்தால் எழுந்து வந்தான். சனங்கள் பாதியிலேயே கடலை வாங்கப் போய்விட்டார்கள். கடைசியில் யார் கையையோ தூக்கினார்கள். தங்கப்பழம் சட்டையை மாட்டிக்கொண்டு, காலையில் மில்லுக்குப் போகணும் என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த ஆள் எப்போதாவது யாரையாவது விழத்தட்டியிருக்கிறானா என்று கஸ்பார் பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்தான். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லையே என்றார்.

அன்று பஸ்ஸில் கஸ்பாருக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் விடிந்தபோது உப்பளம் முழுவதும் பனி இறங்கியிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கொட்டகையும் கொடியும் அவர்கள் இருவரும் மட்டுமே இந்த உலகத்தில் மிச்சமிருப்பதுபோல இருந்தது. ஆசான் ராத்திரியே அவிழ்த்துப் போட்டிருந்த மூன்றாவது துணியும் மற்ற இரண்டுக்குப் பக்கத்தில் தொங்கியது.

முதல் இரண்டும் போனபடியே நீலமாக இருந்தன. மூன்றாவது விறைத்துப்போய், மடிப்புக்கு மடிப்பு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

கஸ்பார் அதைத் தொட்டுப் பார்த்தான். “வெயில்ல வேர்த்திருக்கும் ஆசானே.”

“மார்கழி அண்ணே.”

“சட்டை நனையல. கை மட்டும் எப்படி இப்படி?”

ஆசான் அந்தத் துணியை மட்டும் கொடியிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தார். கஸ்பாருக்குக் கோபம் வந்தது. இதை வைத்துக்கொண்டா எதிராளியை முடிவுசெய்வது என்று கேட்டான். தங்கப்பழத்தோடு சண்டை என்றால் ஒரு டிக்கெட் விற்காது என்றான். ஜெயித்தால் கைதட்ட ஆள் இருக்காது, தோற்றால் மாவரைக்கிறவனிடம் தோற்றவன் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும், இதற்கு ஐஸ் உடைத்துக்கொண்டே காலத்தைக் கழித்துவிடலாம் என்றான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஆசான் மெதுவாகக் கேட்டார்.

“வர்கீஸ்ட்ட தோத்தா?”

“வர்கீஸ்ட்ட தோக்குறதும் ஒரு தோல்வியா ஆசானே?”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது கஸ்பாரின் காதில் விழுந்தது. அவன் கொடிக்குக் கீழே, ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு சுருங்கிப்போனது. ஆசானும் பக்கத்தில் உட்கார்ந்தார். பனியில் அவருக்கு இளைப்பு கூடியிருந்தது. மூச்சு விசில் மாதிரி கேட்டது.

கஸ்பார் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கலாம் ஆசானே.”

“தெரியும் அண்ணே.”

“எப்படி?”

“விழுந்த ஆளு கையையும் காலையும் போட்டது போட்டபடி கிடப்பான். நீங்க கையை மடிச்சுத் தலைக்கு அணை கொடுத்துட்டுக் கிடந்தீங்க.”

கஸ்பார் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஒரு வருஷமாகத் தனியாகத் தூக்கிச் சுமந்ததை இன்னொருத்தரும் பக்கத்திலேயே நின்று சுமந்திருக்கிறார். அவனுக்கு அழுகை வந்தது, அழுதான். ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்று கேட்டான்.

“நல்லா அசந்து இருந்தீங்க. எழுப்ப மனசு வரல,” என்றார் ஆசான்.

பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதலில் ஓர் உப்புக் குவியல் தெரிந்தது, அப்புறம் இன்னொன்று. சிங்கராயருக்கு ஆள் அனுப்பவேண்டிய நாள் அது. கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“தங்கப்பழத்துகூட நிக்கும்போதும் அந்தத் தரை கூப்பிட்டுச்சுன்னா நான் என்ன செய்வேன் ஆசானே?”

“கூப்பிடத்தான் செய்யும் அண்ணே,” என்றார் ஆசான். “ஆனா தங்கப்பழம் இதுவரைக்கும் ஒருத்தரையும் விழத்தட்டினதில்ல. படுக்கணும்னா, நீங்களாத்தான் படுக்கணும்.”