மெதுவாகப் போகச் சொன்னவள்

"என்னைத் தோக்கடிக்கத்தானே பாக்கறீங்க?" என்று மாதங்கி நேராகவே கேட்டாள்.

பயிற்சியாளர் எஸ்தர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மாதங்கிக்கு முப்பத்தொன்பது வயது. கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள். ஏற்காடு மலைப்பாதைச் சைக்கிள் போட்டியில் முதல் ஆறு பேருக்குத்தான் மாநில அணியில் இடம். நாற்பது வயதுக்கு மேல் அந்தக் கதவு மூடிவிடும். எஸ்தருக்கு முப்பதுதான். அவளுடைய தங்கை மெர்சியும் அதே போட்டியில் ஓட்டுகிறாள். சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு மாதமாக நடந்ததும் அப்படித்தான். ஏற்றம் தொடங்கியதும் எஸ்தர் பின்னாலேயே ஓட்டிவந்து, காலையில் என்ன குழம்பு, யார் வீட்டில் விசேஷம் என்று வாயைக் கிளறுவாள். முழு வாக்கியமாகப் பதில் வர வேண்டும். மூச்சிரைத்து வாக்கியம் உடைந்தால் மணியடிப்பாள். உடனே கியரை இறக்க வேண்டும். மேடு முடிந்து, அப்பாடா என்று கால் ஓய்கிற இடத்தில் மட்டும் அழுத்தி மிதிக்கச் சொல்வாள். இறக்கத்தில் சும்மா இருக்கச் சொல்வாள்.

"நேத்து ஒரு பால்காரர் என்னை முந்திட்டுப் போறார், எஸ்தர். திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்யறார்."

"மேல போய்ச் சேர்ந்தாரா?"

"அதை நான் எதுக்குப் பாக்கணும்?"

எஸ்தர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வேறு பயிற்சிக்கு இனி நாளில்லை. மாதங்கி முடிவெடுத்தாள்: சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்து தோற்பது, தோற்ற கையோடு சைக்கிள் சங்கத்தில் புகார் கொடுப்பது.

போட்டியன்று, முதல் வளைவிலேயே மெர்சி பறந்தாள்.

"கல்யாண ஊர்வலமா, மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

அவள் பின்னால் இன்னும் பதினோரு பேர். மாதங்கி பல்லைக் கடித்துக்கொண்டு கியரை இறக்கினாள். புகாரின் முதல் வரி மனத்தில் தயாராயிற்று.

எட்டாம் வளைவில் இருவரைக் கடந்தாள். பதிமூன்றில் நால்வரை. இது அவளுக்குப் பிடிக்கவில்லை. புகார் இளைத்துக்கொண்டே வந்தது.

பதினேழாம் வளைவில் மெர்சி ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி, கைப்பிடியில் தலை கவிழ்த்து நின்றிருந்தாள். அவளைத் தாண்டினால் ஆறாம் இடம்.

மாதங்கியால் கேட்காமல் கடக்க முடியவில்லை.

"உங்கக்கா உனக்கு என்னதான் சொல்லிக்குடுத்தாங்க?"

மெர்சிக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"உங்களுக்குச் சொன்னதைத்தான். உங்களை ஜெயிக்க வைக்கத்தான் என்னை மெதுவாப் போகச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."