வரகு வைக்கோல் கூரையும் வழி தப்பின கனவும்

மேகம் உரசிட்டுப் போற உயரத்துல ஒரு மலை, மலைக்குக் கீழ ஒரு ஏரி, ஏரிக்குக் கீழ ஓடைப்பட்டின்னு ஒரு ஊர். அந்த ஊர்ல சீரங்கின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ வீட்டுக்காரன் கொம்பையா உப்பு வண்டி ஓட்டுறவன். சீரங்கி முழுகாம இருக்கும்போதே அவன் வண்டியைக் கட்டிக்கிட்டுக் கடற்கரைச் சீமைக்குக் கெளம்பிட்டான். போனா வர எட்டு மாசமும் ஆகும், பத்து மாசமும் ஆகும்.

கெளம்புறதுக்கு முந்தி அவன் ஒரு காரியம் பண்ணினான். பழைய கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு, புது வரகு வைக்கோல் வாங்கி, கட்டுக் கட்டா அடுக்கி, வீட்டை மேஞ்சான். மேஞ்சு முடிச்சு உச்சியில மூணு கொண்டை முடிஞ்சான். ஊர்ல யார் வீட்டுலயும் மூணு கொண்டை கெடையாது.

"இந்தா பாரு புள்ள, நான் எங்க படுத்தாலும் என் கனவு இந்த வீட்டுக்குத்தான் வரும். அதுக்கு இந்தக் கூரைதான் அடையாளம். யார் என்ன சொன்னாலும் பிரிச்சுடாதே"ன்னு சொல்லிட்டு வண்டி ஏறினான்.

கனவுக்கு எதுக்குக் கூரைன்னு கேக்குறீங்களா? பகல்ல ஆடு மாடு மேயுற மாதிரி கனவுங்க எல்லாம் மலைமேல மேயுமாம். பால்ல ஒரு துளி மஞ்சள் விழுந்தா என்ன நிறமோ அந்த நிறம், பஞ்சு மாதிரி கனம். பொழுது சாஞ்சு ஊர் அடங்கினதும் ஒவ்வொண்ணா மிதந்து மிதந்து இறங்கும். மேல இருந்து வர்றதுக்கு வாசல் தெரியுமா, கதவு தெரியுமா? கூரைதான் தெரியும். இது பனை ஓலை, நம்ம வீடு. இது தென்னங்கீத்து, பக்கத்து வீடு. இது நாணல், இது தட்டோடு. அப்படிப் பாத்துப் பாத்துத்தான் அது அது தன் வீட்டுக்குள்ள நுழையும்.

கொம்பையாவோட கனவும் ஒரு நாள் தவறாம வந்துச்சு. அவன் கண்ணால பாக்காத பொம்பளப் புள்ளை பொறந்து மூணு மாசம் ஆச்சு. கனவுல வந்து தூளிப் பக்கத்துல உக்காந்து, "மூக்கு உன் மூக்கு, காது என் காது, பிடிவாதம் உங்க அம்மாவோடது"ம்பான். சீரங்கி தூக்கத்துலயே சிரிப்பா. புள்ளையும் சிரிக்கும்.

இப்படி இருக்கையில அந்த ஊர் ராசா ஒரு நாள் அரண்மனை மேல்மாடத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல கோணேரி நின்னான். கோணேரிதான் அந்த ஊருக்கு வீடு வாசல் பாக்குற மணியக்காரன். விரல்ல பெரிய பச்சைக்கல் மோதிரம், வீட்டுக்குப் பின்னால சொந்தமா ஓட்டுச் சூளை.

"ராசாவே, கீழ பாருங்க. ஒரு வீடு ஓலை, ஒரு வீடு புல்லு, ஒரு வீடு வைக்கோல். ஊரா இது? ஒட்டுப் போட்ட கந்தல் கம்பளி மாதிரி இருக்கு. எல்லாம் செகப்பு ஓடா இருந்தா, நீங்க மாடத்துல நின்னு பாத்தா பட்டு விரிச்ச மாதிரி இருக்குமே!"

ராசா நல்லவர்தான், ஆனா பகட்டுக்கு ஆசைப்படுறவர். "செய்யி"ன்னுட்டாரு.

மறுநாளே தமுக்கு அடிச்சாங்க. "இதனால சகலருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, ஓலை கூடாது, கீத்து கூடாது, வைக்கோல் கூடாது! ஓடுதான் போடணும்! அந்த ஓடும் செகப்பு ஓடுதான்! அந்தச் செகப்பு ஓடும் மணியக்காரர் சூளை ஓடுதான்! ஒரு வீட்டுக்கு ஓடு வேணும்னா ஒரு கறவை மாடு! மீறினவங்க எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்!"

ஊரே ஓடு மாத்துச்சு. கோணேரி கொட்டகையில மாடு நிறைஞ்சு வழிஞ்சுச்சு. சீரங்கி மட்டும் மாத்தல.

கோணேரி வந்தான். "என்னம்மா, தமுக்கு காதுல விழலையா? பிரி கூரையை."

"மணியக்காரரே, கூரைக்குள்ள குருவி முட்டை வச்சிருக்கு. குஞ்சு பொரிச்சுப் பறக்கட்டும், பிரிக்கிறேன்."

குஞ்சு பொரிச்சுப் பறந்துச்சு. கோணேரி மறுபடி வந்தான். "இப்ப என்ன?"

"மேல சுரைக்கொடி ஏறியிருக்கு பாருங்க. விதைக்கு விட்ட காய் ஒண்ணு தொங்குது. முத்தட்டும், பிரிக்கிறேன்."

காய் முத்திச்சு. கோணேரி மூணாந் தடவை நாலு ஆளோட வந்தான். "இப்ப என்ன, யானை குட்டி போட்டிருக்கா மேல?"

சீரங்கிக்குச் சொல்ல வேற ஒண்ணும் கெடைக்கல. உண்மையைச் சொல்லிட்டா. "இந்தக் கூரை இல்லேன்னா என் வீட்டுக்காரர் கனவு வழி தப்பிடும் அய்யா. அவரு புள்ளையைப் பாக்குறதே அதுலதான்."

கோணேரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "கேட்டீங்களாடா! கனவுக்குக் கூரை வேணுமாம். நாளைக்குக் கனவுக்குக் கால் கழுவத் தண்ணி வேணும்பா. ஏறுங்கடா மேல!"

மூணு கொண்டையும் கீழ விழுந்துச்சு. சீரங்கி வீட்டுக் கறவைப் பசு கோணேரி கொட்டகைக்குப் போச்சு. புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் எங்க போவா, பாவம்? தன் வீட்டு மேல செகப்பு ஓடு ஏறுறதைப் பாத்துக்கிட்டே நின்னா.

அன்னிக்கு ராத்திரி கனவுங்க மலையில இருந்து இறங்கிச்சா, கீழ பாத்தா அரண்மனை முதக்கொண்டு குடிசை வரைக்கும் ஒரே செகப்பு! அதுக்கு முந்தின நாள் வரைக்கும்கூட, "அதோ மூணு கொண்டை, அதுக்குக் கெழக்க நாலாவது வீடு நம்ம வீடு"ன்னு எண்ணி எண்ணியாவது வந்துக்கிட்டு இருந்துச்சுங்க. இப்ப எதை வச்சு எண்ணும்? ஆத்துல விட்ட பூ மாதிரி ஊர் மேலயே சுத்திச் சுத்தி மிதந்துச்சாம். விடியுற நேரம் நெருங்குதேன்னு, கெடைச்ச ஓட்டுச் சந்துல எல்லாம் நுழைஞ்சிருச்சு.

காலையில கெணத்தடியில ஒரே கூத்து.

"அடியே, ராத்திரி பூரா நான் செக்கைச் சுத்துறேன், செக்கைச் சுத்துறேன், முதுகுல ஒருத்தன் தட்டிக்கிட்டே இருக்கான்"னு குருவம்மா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்தா.

"அது எங்க செக்குமாட்டோட கனவுல்ல?"ன்னான் எண்ணெய் ஆட்டுற வேலப்பன். "உனக்காவது மாடு. நான் விடியக்காலம் எந்திரிச்சு அம்மா, பாலுன்னு அழுதுட்டேன். இத்தனை பெரிய மீசையை வச்சுக்கிட்டு! என் பொண்டாட்டி என்னை ஒரு மாதிரி பாக்குறா."

சீரங்கிக்குச் சிரிப்பு வந்துச்சு, கூடவே கண்ணும் கலங்கிச்சு. அது அவ புள்ளையோட கனவு. அவளுக்கு வந்தது யாரோ ஒரு பூனையோட கனவு. ராத்திரி முழுக்கச் சுவர் மேலயே நடந்தா.

ரெண்டாம் ராத்திரி யாரோ தச்சன் கனவு வந்து மரம் அறுத்துட்டுப் போச்சு. கொம்பையா வரல. புள்ளை தூளியில கெடந்து மேல மேல பாத்துச்சு.

மூணாம் ராத்திரி ஒரு கனவு வந்துச்சு. அதுல சீரங்கி ஒரு சின்னப் பையனா இருக்கா. காதுல வைரக் கடுக்கன். அரண்மனைக் குதிரை லாயத்துல வைக்கோல் போருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கா. வெளிய சோன்னு மழை. நனைஞ்ச வைக்கோல் வாசம். யாரோ வளையல் சத்தம் கேக்க ஓடி வந்து, "என் தங்கமே, இங்கயா இருக்க"ன்னு வாரி எடுத்து முந்தானையால தலையைத் துவட்டுறாங்க. எந்திரிச்சதும் சீரங்கிக்குப் புரிஞ்சுபோச்சு, இது யாரோட கனவுன்னு.

புள்ளையைத் தோள்ல போட்டா, நேரா அரண்மனைக்கு நடந்தா. சபையில ராசா தூக்கம் கெட்ட முகத்தோட உக்காந்திருக்காரு. கோணேரி பக்கத்துல நிக்கிறான், அவனும் கண்ணு செவந்து போயிருக்கான்.

"என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் ராசாவே. உங்க பொருள் ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்துருச்சு. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன பொருள்?"

"உங்க கனவு"ன்னா. சபையே சிரிச்சுச்சு. சீரங்கி அசரல. லாயத்தைச் சொன்னா, வைக்கோல் போரைச் சொன்னா, வளையல் சத்தத்தைச் சொன்னா, முந்தானையைச் சொன்னா. ராசா முகம் அப்படியே எளகிப்போச்சு.

"எங்க அம்மா! அவங்க போய் முப்பது வருசமாச்சு. ராத்திரி ராத்திரி இந்தக் கனவுலதான் வருவாங்க. மூணு நாளாக் காணோமேன்னு நான் யார்கிட்டயும் சொல்லக்கூட இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாக் கூரையும் ஒரே மாதிரி ஆனா, அவங்க மட்டும் வழி கண்டுபிடிச்சு எப்படி அய்யா வருவாங்க?"

ராசா மெதுவாச் சொன்னாரு, "அப்ப நேத்து எனக்கு வந்தது யாரோட கனவு? நான் ஏரிக்கரையில நின்னு கரையோட பின்பக்கத்தைத் தோண்டுறேன். ஓட்டுக்கு நல்ல களிமண்ணு, ஓட்டுக்கு நல்ல களிமண்ணுன்னு கூடை கூடையா அள்ளுறேன். ராசா மாடத்துல நின்னா கரைக்குப் பின்னால தெரியாதுன்னு எனக்கு நானே சொல்லிச் சிரிச்சுக்கிறேன். கையில ஒரு பச்சைக்கல் மோதிரம்…"

சபையில இருந்த அத்தனை கண்ணும் ஒரு பக்கம் திரும்புச்சு. கோணேரி கையை வேட்டிக்குள்ள மறைச்சான்.

ராசா குதிரைகூட ஏறல, அப்படியே ஓடினாரு. கோணேரியை இழுத்துக்கிட்டுச் சபையும் ஊரும் பின்னாலயே ஓடுச்சு. கரைக்குப் பின்னால போய்ப் பாத்தா, எலி கொறிச்ச கொழுக்கட்டை மாதிரி கரை உள்வாங்கிக் கெடக்கு. இன்னும் நாலு கூடை அள்ளியிருந்தா, ஐப்பசி மழைக்கு ஏரி உடைச்சுக்கிட்டு ஊரே போயிருக்கும்!

"ராசாவே, எல்லாருக்கும் அவங்கவங்க கனவு எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. என் வீட்டுக்காரரோடது மட்டும் எங்க?"ன்னா சீரங்கி.

கோணேரி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு முனகினான். "நேத்து ராத்திரி ஒருத்தன் உடம்பெல்லாம் உப்புப் பூத்து என் தலைமாட்டுல வந்து நின்னான். 'எம் புள்ளையைக் காட்டு, எம் புள்ளையைக் காட்டு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். இல்லடா போடான்னேன். விடியுற வரைக்கும் வீடு வீடாத் தேடிட்டு அழுதுக்கிட்டே போனான்."

சீரங்கி புள்ளையை இறுக்கிக் கட்டிக்கிட்டா. கேட்டுக்கிட்டு இருந்த வேலப்பன் மீசையைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைச்சுக்கிட்டான்.

ராசா தீர்ப்புச் சொன்னாரு. "கோணேரி, தோண்டின மண்ணை நீயே தலையில சுமந்து கரையை அடைக்கணும். வாங்கின மாட்டை எல்லாம் நீயே ஓட்டிட்டுப் போய் அந்தந்த வீட்டுல கட்டணும். யார் யாருக்கு எந்தக் கூரை இருந்துச்சோ, அதை நீயே ஏறி மேயணும். கடைசி வீடு முடியுற வரைக்கும் உன் வீட்டுக்குக் கூரை கெடையாது."

கூரை இல்லாத வீடு எப்படித் தெரியுமா இருக்கும் கனவுகளுக்கு? வாய் தொறந்த பானை மாதிரி! வழி தெரியாத கனவெல்லாம் பொத்துப் பொத்துன்னு கோணேரி தலையிலதான் விழுந்துச்சு. ஒரே ராத்திரியில செக்குமாடாச் சுத்தினான், பூனையா நடந்தான், பச்சைப் புள்ளையா வீல்னு கத்தினான், ஏரித் தவளையா விடிய விடியக் கத்தினான். பகல்ல மண்ணு சுமக்கணும், ராத்திரி இந்தப் பாடு. அவன் பொண்டாட்டி பாயைச் சுருட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

தீர்ப்புச் சொன்ன அன்னிக்கே, முதல்ல சீரங்கி வீடுதான் மேயணும்னு ஊரே சொல்லிருச்சு. கோணேரி மேல ஏறி வரகு வைக்கோலை அடுக்கினான், கொண்டை முடிஞ்சான். சீரங்கி கீழ நின்னு, "மணியக்காரரே, அது கொண்டையா, கோழி வாலா? அவுத்துட்டு முடிங்க"ன்னா. மறுபடி முடிஞ்சான். "இப்ப சாஞ்சிருக்கு"ன்னா. மூணாந் தடவைதான் நேரா நின்னுச்சு.

அன்னிக்கு ராத்திரி லேசாத் தூத்தல் போட்டுச்சு. வைக்கோல் மேல விழுற மழைக்குச் சத்தமே கெடையாது, யாரோ ரகசியம் பேசுற மாதிரி இருக்கும். தூளிப் பக்கத்துல கொம்பையா வந்து உக்காந்தான். மூணு ராத்திரி அலைஞ்ச களைப்பு முகத்துல.

"எங்கடி போயிருந்த?"

"நான் எங்க போனேன்? கூரைதான் போயிருச்சு."

அவன் குனிஞ்சு புள்ளையைப் பாத்தான். "மூணு நாள்ல வளந்துட்டாளே"ன்னான். புள்ளை தூக்கத்துல அவன் விரலைப் பிடிச்சுக்கிச்சு.

அதுக்கப்புறம் ராசா ஊருக்குக் கூரைச் சட்டம்னு ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருந்தாராம். யார் எதை வேணா போட்டுக்கலாம், ஆனா தன் கூரைத் தண்ணி அடுத்தவன் வீட்டுக்குள்ள விழக்கூடாது. அவ்வளவுதான். மாடத்துல நின்னு பாத்தா ஊரு ஒட்டுப் போட்ட கம்பளி மாதிரிதான் தெரிஞ்சுச்சாம். ராசா அதைப் பாத்துக்கிட்டே நல்லாத் தூங்கினாராம்.

அடுத்தவங்க வீட்டு அடையாளத்தை அழிச்சுத் தன் கொட்டகையை நிரப்புறவன் தலையில ஊர்ப்பட்ட கனவும் வந்து விழும், தெரிஞ்சுக்கோங்க. அவங்க வைக்கோலுக்குக் கீழ, நாம மொட்டைமாடிக்குக் கீழ; கதையும் படுத்துக்கிச்சு, நாமளும் படுத்துக்குவோம்.