ஒற்றைக் காலில் ஆறுச்சாமி

"ஏனுங்க டீச்சர், நாப்பது நாளா உருண்டு புரண்டு எந்திரிச்சேனே, என்னத்தைக் கண்டேன்?"

யோகா வகுப்புக்கு வந்ததும் வராததுமாக ஆறுச்சாமி பாயைத் தூக்கி எறிந்தார்.

தாராபுரத்தில் முப்பது வருஷமாகச் சட்டை தைக்கிற மனுஷன். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கடையைச் சாத்தி நாலு மாசமாச்சு.

ஆபரேஷனுக்குப் போனால் பிரஷர் எகிறி நிற்கிறது. டேபிளில் படுக்க வைத்து, முகத்தில் பச்சைத் துணியைப் போட்ட பிறகு, எழுப்பித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்றோடு இரண்டு தடவை. ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை விழுங்குகிற ஆளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

"யோகா பண்ணினா பிரஷர் இறங்கும்னு சொன்னது நீங்கதானுங்களே?"

டீச்சர் தமயந்திக்கு அவர் வயசில் பாதிதான் இருக்கும். பாயை எடுத்து விரித்தாள்.

"ஒத்தக் கால்ல நில்லுங்க."

"கேட்டதுக்குப் பதிலைக் காணோம்!"

"நில்லுங்க."

நின்றார். வலது பாதத்தை இடது தொடையில் ஊன்றி, தலைக்கு மேல் கைகூப்பி, ஆடாமல் அசையாமல் நின்றார். அதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வகுப்பில் ஆளில்லை.

"எப்பப் பாத்தாலும் திட்டுவீங்களே உங்க தம்பி, அவரு என்ன பண்ணினாரு?"

"அந்த நாயைப் பத்தி இப்ப எதுக்குங்க?"

"சொல்லுங்க."

"அப்பா செத்தன்னிக்கு நான் ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸ் போயிருந்தேன். விடியறதுக்குள்ள வந்தர்றேன், இருடான்னு போன்ல சொன்னேன். மூத்தவன் நான் இருக்கறப்ப, அவன் கொள்ளி..."

விழுந்தார்.

"மறுபடி."

"அப்பன் மூஞ்சியக்கூடப் பாக்க விடாம, கொள்ளி..."

மறுபடி விழுந்தார். முட்டி சிராய்த்துக்கொண்டது.

"பேச்சுக் குடுத்துக் குடுத்து விழ வைக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா இது?"

"அந்த வார்த்தை வர்றப்ப உங்களுக்கு மூச்சே நின்னு போகுது."

ஆறுச்சாமி முறைத்தார்.

"டேபிள்ல துணியைப் போட்டாங்களே, அப்ப என்ன நினைச்சீங்க?"

அவர் சிராய்த்த முட்டியைத் தடவினார். டீச்சரும் விடவில்லை. காத்திருந்தாள்.

"இருட்டானா அவன்தான் வர்றான்" என்றார் கடைசியில்.

"அப்ப ரெண்டு தடவையும் அவரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. அது ஒரு ஆள் படுக்கற டேபிளுங்க."

சுர்ரென்று ஏறியது அவருக்கு.

"நீயெல்லாம் ஒரு டீச்சரு!"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் வீட்டுக்குப் போகவில்லை. நாலு வருஷமாக மிதிக்காத தம்பி நாச்சிமுத்து வாசலில் போய் நின்றார்.

அடேயப்பா, என்ன திட்டு! தெருவே வெளியில் வந்து பார்த்தது. கொள்ளி, கொள்ளி என்று எத்தனை தடவை சொன்னாரோ, எண்ணினவர் இல்லை. ஒரு தடவைகூட விழவில்லை. தொண்டைதான் கட்டிப்போனது.

நாச்சிமுத்து ஒரு சொம்புத் தண்ணியை நீட்டினான்.

"தப்புதாண்ணா" என்றான்.

பிறகு, "கண்ணு ஆபரேஷன் என்னிக்கு?" என்றான்.

"உனக்கெதுக்குடா அதெல்லாம்?"

பதினைந்து நாள் கழித்து அதே ஆஸ்பத்திரி, அதே டேபிள்.

நர்ஸ் பிரஷர் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பச்சைத் துணியை எடுத்தாள்.

"கூட யாருங்க வந்திருக்காங்க?"

"தம்பி. வர்ற வழியெல்லாம் சண்டைங்க."

ஆறுச்சாமி காலை நன்றாக நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை அவனை வெளியில உக்கார வச்சிருக்கேன்."