காலி ஃபோல்டர்

"உன் நெட்வொர்க் என் தொண்டையையே முழுங்கிடுச்சும்மா" என்றார் தேவசகாயம்.

பேசவில்லை, காற்றாக ஊதினார். குரல் அவ்வளவுதான் மிச்சம்.

தஸ்லீமா லீவு முடிந்து அன்று காலையில்தான் வந்திருந்தாள். "என்ன ஆச்சு சார்?"

"பன்னிரண்டாம் வகுப்புப் பொருளாதாரம் முழுசும் போச்சு. வாரம் பூரா உட்கார்ந்து வாசிச்சேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. இன்னிக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டா ஒரு பாடம் இல்ல."

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் இடம் எங்களுடையது. இரண்டு அறை, இரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர். உள்ளறையில் இருப்பது சர்வர், எல்லோருடைய பதிவும் அதில்தான். வெளியறைக் கம்ப்யூட்டரில் 'ஒலி' என்று ஒரு ஃபோல்டர். கம்ப்யூட்டரைப் போட்டதும் சர்வரில் இருப்பதெல்லாம் அந்த ஃபோல்டர் மேல் தானாக வந்து மாட்டிக்கொள்ளும். அதற்கு மவுன்ட் என்று பேர். அப்புறம் அதில் எதைப் போட்டாலும் சர்வருக்குப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவள் தஸ்லீமா. எங்கள் எல்லோரையும்விடச் சின்னவள். நாங்கள் குரு என்போம், அவள் முறைப்பாள்.

தேவசகாயம் ரிட்டயரான தமிழாசிரியர். மைக் முன்னால் உட்கார்ந்தால் மனுஷன் ராஜா. என்ன, எழுந்த பிறகும் அப்படியேதான் இருப்பார்.

"நாளன்னைக்குப் பூங்கொடிக்குப் பரீட்சை" என்றார். "சாயங்காலம் பென்டிரைவோட வர்றா. இந்தத் தொண்டையை வெச்சுக்கிட்டு மறுபடி எப்படி வாசிப்பேன்? அந்தப் பொண்ணு என்னை நம்பித்தானே இருக்கா?"

கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டை அப்படியே மேசைமேல் வீசினார்.

"எங்கயும் போயிருக்காது சார்" என்றாள் குரு.

"நான் பாத்துட்டேன்மா. இல்லங்கறேன்!"

"சரி, ஃபோல்டருக்குள்ள என்னென்ன இருக்குன்னு படிங்க."

சட்டைப்பையைத் தடவினார். மேசையைப் பார்த்தார். "என் கண்ணாடி எங்க?"

"இங்கதான் வெச்சீங்க."

"இங்க எங்க இருக்கு? துண்டுதானே கிடக்கு!"

தஸ்லீமா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தேவசகாயம் துண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார்.

மெல்ல எடுத்தார். கண்ணாடி இருந்தது.

"அடிப்பாவி!" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகக் கீபோர்டுக்குப் போனார். "மவுன்ட்டைக் கழட்டணும். என்ன அடிக்கணும், சொல்லு."

ஒரே ஒரு வரி. சொன்னாள், அடித்தார்.

சர்வரின் பதிவுகள் விலகிப்போயின. அடியில் பொருளாதாரம் வரிசையாக இருந்தது, ஒரு பாடம் குறையாமல்.

முதல் பாடத்தைத் தட்டினார். அறையே அதிர்ந்தது. கணீரென்ற குரல், அவருடையதேதான். அதைக் கேட்டுக்கொண்டே மனுஷன் வெட்கமில்லாமல் அழுதார். நானும் மூக்கை உறிஞ்சினேன், பொய் சொல்வானேன்.

"போன ஞாயித்துக்கிழமை கரண்ட் போனதுல சர்வர் நின்னுடுச்சு" என்றாள் தஸ்லீமா. "மத்தவங்க எல்லாரும் லீவு, அதைத் திரும்பப் போட ஆளில்ல. நீங்க வாசிச்சதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லயே தங்கிடுச்சு. இன்னிக்குக் காலையில நான் சர்வரைப் போட்டேன். அது வந்து மேல மாட்டிக்கிச்சு."

தேவசகாயத்துக்கு உயிர் வந்துவிட்டது, கோபமும் கூடவே வந்தது. "அதை முதல்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்தச் சனியன்?"

"சொல்லிச்சே சார்."

"எப்போ?"

"திங்கக்கிழமை நீங்க திறந்தப்ப ஃபோல்டருக்குள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. பரவாயில்லையே, நமக்குன்னு இடத்தைக் காலி பண்ணி வெச்சிருக்காங்களேன்னு சந்தோஷமா உட்கார்ந்தேன்."

"அருள்மேரி டீச்சர் வாசிச்ச வரலாறு? ரபீக் பாய் வாசிச்ச கணக்கு? அதெல்லாம் அங்க இருந்திருக்கணுமே சார்?"

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவரே எல்லாம் செய்தார். பாடங்களை எடுத்து வேறிடத்தில் வைத்தார். சர்வரை மாட்டினார். இந்த முறை மற்றவர்களுடைய பதிவுகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் தன்னுடையதை உள்ளே போட்டார்.

சாயங்காலம் பூங்கொடி வந்தாள். வெள்ளைக் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு பென்டிரைவை நீட்டினாள். தேவசகாயம் பொருளாதாரத்தை ஏற்றிக் கொடுத்தார்.

"குரல் என்ன இப்படி ஆயிடுச்சு ஐயா?"

"எல்லாம் உன் பென்டிரைவுக்குள்ள போயிடுச்சும்மா."

அவள் சிரித்தாள். "அடுத்த வாரம் வரலாறு பரீட்சை. யாராவது வாசிச்சிருக்காங்களா ஐயா?"

தேவசகாயம் பட்டியலில் தேடினார். அருள்மேரி டீச்சரின் முதல் பாடத்தைத் தட்டிவிட்டு, நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முழுப் பாடமும் முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"நல்லா வாசிக்கிறாங்க" என்றார். "எத்தனை வருஷமா வாசிக்கிறாங்க?"

"உங்களுக்கு முன்னாடியிருந்தே" என்றாள் தஸ்லீமா.