கண்ணாடி பீரோவில் ஒரு சுத்தியல்

பிள்ளைகள் கையால் செய்து படிக்கட்டும் என்று அந்தத் தொடக்கப் பள்ளிக்குச் சுத்தியலும் ரம்பமும் திருப்புளியும் ஒரு பெட்டி நிறைய வந்தன. தலைமையாசிரியர் தணிகாசலம் அவற்றைத் தன் அறையிலிருந்த கண்ணாடி பீரோவில் அடுக்கிப் பூட்டி, சாவியைத் தற்காலிக ஆசிரியை செண்பகவல்லியிடம் கொடுத்தார்.

"வாராவாரம் தூசி தட்டி வைங்க. கல்வி அதிகாரி பார்வையிட வர்ற அன்னைக்கு ஒரு கீறல் இருந்தாலும் உங்க வேலை போயிடும். பிள்ளைங்களும் ஏதாவது செஞ்சு காட்டணும்."

"எதை வச்சு சார் செய்யறது?"

"அதையும் நான்தான் சொல்லணுமா?"

ஐப்பசி வரை கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில். கார்த்திகையில் கேட்பதை விட்டுவிட்டாள்.

தை மாதம் அதிகாரி வந்தார். தணிகாசலம் பீரோவைத் திறக்கச் சொன்னார். "தினமும் என் கண் முன்னாடியே இருக்கு சார். புதுசு மாதிரியே வச்சிருக்கேன்."

அதிகாரி சுத்தியலைத் தூக்கினார். அதில் கனமே இல்லை. அட்டையில் செய்து வர்ணம் பூசியிருந்தது. ரம்பமும் அப்படியே.

"மூணாம் வகுப்புப் பிள்ளைங்க செஞ்சது சார்" என்றாள் செண்பகவல்லி. "பீரோவுல இருக்கறதுல ஒரு கீறல்கூட இல்லை."

"நிஜமானது எங்கே?"

"அஞ்சாம் வகுப்புல. அதுல நிறைய கீறல் இருக்கு சார். இன்னைக்குக் காலையில ஹெச்.எம். சாரோட நாற்காலியைப் பிள்ளைங்க அதை வச்சுத்தான் சரிபண்ணாங்க."

"இவங்களை இன்னைக்கே வேலையை விட்டு..." என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

"எந்தக் கீறலுக்காக?" என்று கேட்டார் அதிகாரி.

எட்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த தன் நாற்காலியில் தணிகாசலம் பொத்தென்று உட்கார்ந்தார். அது அசையவில்லை.