நாலாம் நாள் விட்ட பிடி

அந்தக் காலத்தில் மானும் எறும்பும் மட்டுமல்ல, உடம்புக்குள் இருக்கும் வெள்ளை நாரும் பேசும். கிழிந்த சதையை இழை இழையாகப் பின்னிச் சேர்ப்பது அதன் வேலை. மெதுவாகத்தான் பின்னும், அவசரப்படுத்தினால் அதற்குப் பொல்லாத கோபம் வரும்.

ஒருநாள் காட்டுப்பன்றி ஒன்று மான்குட்டியின் வயிற்றைக் கிழித்துவிட்டுப் போனது. குடலில் நெல்மணி அளவுக்கு ஓட்டை. தாய்மான் கதறியதைக் கேட்டு மரத்திலிருந்த கட்டெறும்பு இறங்கி வந்தது.

நார் உள்ளேயிருந்து சொன்னது: "ஏழு நாள் வேணும். பிய்ஞ்ச பழைய இழையை எடுத்துப் போட்டுட்டுத்தான் புதுசு பின்னுவேன். நாலாம் நாள் பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், நம்பிடாதீங்க. அன்னைக்கு உள்ளே ஒண்ணுமே இருக்காது. ஏழு நாளும் யாராவது சேர்த்துப் பிடிச்சிருக்கணும்."

"நான் பிடிச்சுக்கிறேன்க்கா" என்று தாய்மானிடம் சொன்னது எறும்பு. ஓட்டையின் இரண்டு விளிம்பையும் சேர்த்துக் கவ்வியது. அதற்குமேல் அதனால் பேச முடியவில்லை.

நாலாம் நாள் மழை பிடித்தது. மற்ற எறும்புகள் ஓடிவந்து, "உன் முட்டையெல்லாம் தண்ணியில போகுது!" என்று கத்தின. எறும்பு அசையவில்லை. ஆனால் அதன் ஆறு கால்களும் நடுங்கின. தாய்மானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"புண்ணு கூடிப்போச்சு பாரு தங்கச்சி. நீயும் பெத்தவதானே. போயிட்டு வா."

எறும்பு பிடியை விட்டது. உள்ளே குனிந்து வேலையாக இருந்த நாருக்கு ஒன்றும் தெரியாது.

மூன்று முட்டைகளை மேட்டில் சேர்த்துவிட்டு எறும்பு திரும்பி வந்தது. அதற்குள் குட்டி தாகத்தில் எழுந்து இரண்டு வாய் மழைத்தண்ணீர் குடித்திருந்தது. குடல் மறுபடி திறந்துகொண்டது. மறுநாள் குட்டி எழவேயில்லை.

"புது இழையோட வந்தேனே" என்று நார் அழுதது. "இன்னும் மூணே நாள்."

"என்னைத் திட்டுக்கா" என்றது எறும்பு.

தாய்மான் குட்டியின் காதை நக்கிக்கொண்டே இருந்தது. "போன்னு சொன்னது நான்தானே."

பாவம், அது திட்டியிருக்கலாம். திட்டாததைத்தான் எறும்பால் தாங்க முடியவில்லை.

"இனி யார் சொன்னாலும் விடமாட்டேன். என் தலையே போனாலும் விடமாட்டேன்" என்றது.

அன்று முதல்தான், கட்டெறும்பு கடித்தால் நாம் உடம்பைப் பிய்த்து எறிந்த பிறகும், அதன் தலை மட்டும் கவ்விய இடத்திலேயே கிடக்கிறது.