போகாத வீடு

செண்பகவல்லிக்கு மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோது வயது இருபத்தொன்று. கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் இரண்டு வருஷம் நின்றுகொண்டே படித்தவள். முதல் தடவை தவறிவிட்டது. இரண்டாம் தடவை பரீட்சையில் தேறிவிட்டாள்.

அந்தக் காலத்தில் அந்தக் கல்லூரி தானே பரீட்சை வைக்கும். தேறியவர்களை மூன்று நாள் தங்கவைத்து, நேர்காணல் நடத்தித்தான் ஆள் எடுக்கும். கடிதத்தின் கடைசி வரியில் நேர்காணல் தேதி இருந்தது. நாற்பது நாள் அவகாசம்.

மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "கழுகுமலை ரோட்டுல சௌந்தரின்னு ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. அந்தக் காலேஜ்லதான் இருந்தவங்க. இண்டர்வியூல கேள்வி கேக்கிற பக்கம் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவங்க. போய்ப் பாரு."

போனாள்.

இரண்டு அறை, முன்னால் ஒரு தகரக் கொட்டகை, நான்கு பெஞ்சு. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் சௌந்தரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கிழவரின் காலில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார்.

"ஏன் டாக்டராகணும்னு கேட்பாங்கல்ல டாக்டர்?"

"கேட்பாங்க."

"அதுக்கு என்ன பதில் சொல்லணும்?"

"நீ என்ன வச்சிருக்க?"

வல்லி நிமிர்ந்து நின்று சொன்னாள். ஏழை எளிய மக்களின் துயர் துடைப்பதே தன் வாழ்வின் லட்சியம் என்று தொடங்கி, மூச்சு வாங்காமல் இரண்டு நிமிஷம் சொன்னாள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வெளிய பச்சைச் சேலை கட்டின அம்மா ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட போய் இதைச் சொல்லிட்டு வா."

வல்லி போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் தாடையில் கைவைத்து முழுசும் கேட்டாள்.

"நல்லா ஒப்பிக்கிற தாயி. என்னைய எப்பக் கூப்பிடுவாக?"

வல்லி முகம் சிவந்து உள்ளே வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"எப்பக் கூப்பிடுவீங்கன்னு கேட்டாங்க."

"கூப்பிடு" என்றார் டாக்டர்.

மறுநாளிலிருந்து கொட்டகையில் ஒரு மேஜையும் ஒரு பதிவேடும் அவளுக்கு வந்தன.

"வர்றவங்ககிட்ட என்ன செய்யுதுன்னு கேளு. அவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படியே எழுது. நீ திருத்தாத."

"இண்டர்வியூவுக்கு எப்பப் படிக்கிறது டாக்டர்?"

"இதுதான் படிப்பு."

வல்லி எழுதினாள். 'நெஞ்சுக்குள்ள கோழி கிளறுற மாதிரி இருக்கு.' 'வலது கால் என் காலே இல்ல.' 'ராத்திரியெல்லாம் காதுக்குள்ள மில் ஓடுது.' முதல் வாரம் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் வாரம் பிடித்திருந்தது. மூன்றாம் வாரம் பயம் பிடித்துக்கொண்டது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. கூடப் பரீட்சை எழுதியவர்கள் மதுரையில் ஒரு சாரிடம் நேர்காணலுக்கென்றே படித்தார்கள். அந்த சார் அச்சடித்துக் கொடுத்த கேள்வி பதில் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, பதிவேட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. கொட்டகை நிறைய ஆள். வெட்டுக்காயத்தோடு வந்த ஒருவனுக்கு டாக்டர் உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வியர்க்க விறுவிறுக்க மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"என்ன செய்யுது?"

"எனக்கில்ல பாப்பா. மகளுக்கு. பிள்ளை பெத்து எட்டு நாள் ஆகுது. ரெண்டு நாளாக் காய்ச்சல். தூக்கித் தூக்கிப் போடுது."

"கூட்டிட்டு வரலையா?"

"பச்சை உடம்பு. பஸ்ஸுல உட்கார முடியல அவளால. டாக்டரம்மா ஒரு எட்டு வருவாங்களான்னு கேக்கத்தான் வந்தேன். நல்லமுத்தன்பட்டி."

"உட்காருங்க. தையல் முடிஞ்சதும் சொல்றேன்."

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதில் பொய்யில்லை. பதிவேட்டை நகர்த்தியபோது அடியில் இருந்த புத்தகம் தெரிந்தது. கல்லூரி தொடங்கிய ஆண்டு, தொடங்கியவர் பெயர், படுக்கைகள் எத்தனை, கிளைகள் எங்கெங்கே. இதெல்லாம் கட்டாயம் வரும் என்று மதுரை சார் அடிக்கோடு போட்டுக் கொடுத்திருந்தார். வல்லி உதடு அசையப் படித்தாள்.

அந்தப் பெண் ஒரு தடவை எழுந்து வந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா."

இன்னொரு தடவையும் வந்தாள். வல்லி தலையைத் தூக்கவில்லை. "உட்காருங்கம்மா, சொல்றேன்" என்றாள்.

ஒரு மணிக்கு நல்லமுத்தன்பட்டி வழியாகப் போகும் பஸ் ஒன்று உண்டு. அதை விட்டால் சாயங்காலம்தான். வல்லி நிமிர்ந்து பார்த்தபோது பெஞ்சின் அந்த ஓரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். போய்விட்டாள் போல என்று நினைத்துக்கொண்டாள். நோயாளி வரவில்லை என்பதால் பதிவேட்டிலும் அவள் பெயர் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அந்தப் பக்கத்துக் கிராமங்களைப் பார்க்கிற நர்ஸ் சைக்கிளில் வந்தாள். கொட்டகையிலேயே நின்று டாக்டரிடம் சொன்னாள்.

"நல்லமுத்தன்பட்டியில ஒரு பச்சை உடம்புக்காரி நேத்து தவறிட்டா டாக்டர். ஜன்னி கண்டுருச்சு. நான் லீவுல இருந்தேன், எனக்குத் தெரியல. ஆத்தாக்காரி செவ்வாக்கிழமை இங்க வந்துச்சாமே?"

டாக்டர் மேஜைப் பக்கம் திரும்பினார்.

"வந்தாங்களா வல்லி?"

"வந்தாங்க."

"எங்கிட்ட சொன்னியா?"

"சொல்லல."

டாக்டர் பதிவேட்டை மூடிவைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று வல்லிக்கு இருந்தது. அவர் உள்ளே போய் மொபெட் சாவியை எடுத்துவந்தார்.

"நான் அந்த வீட்டுக்குப் போறேன். வர்றியா?"

வல்லிக்கு அந்தத் தாயின் முகம் நினைவுக்கு வரவில்லை. அவள் முகத்தைத்தான் பார்க்கவேயில்லையே. இனிமேல் போய் எப்படிப் பார்ப்பது?

"நாளைக்கு மதுரையில மாதிரி இண்டர்வியூ வைக்கிறாங்க டாக்டர். இன்னைக்கே கிளம்பணும்."

அது உண்மைதான். ஆனால் மதுரைக்கு அவள் போக நினைத்திருந்த பஸ் மாலை ஆறு மணிக்கு. அப்போது மணி பதினொன்று. டாக்டருக்கும் அது தெரிந்திருக்கும்.

"சரி" என்றார். மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வல்லி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டில் இருந்து படிப்பதாக மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினாள். படிக்கவும் செய்தாள். புத்தகம் முழுசும் மனப்பாடம் ஆயிற்று.

நேர்காணலின் மூன்றாம் நாள், கடைசி அறை. நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். கல்லூரி தொடங்கிய ஆண்டை அவர்கள் கேட்கவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். வெல்டிங் பட்டறையில் இருக்கிறார் என்றாள். என்ன சமைக்கத் தெரியும் என்று கேட்டார்கள். சிரித்தார்கள். பிறகு, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கேட்டார்.

"நீ செய்த தப்பு ஒன்றைச் சொல். தமிழிலேயே சொல்லலாம்."

இதற்கு மதுரை சார் பதில் கொடுத்திருந்தார். எல்லாரையும் சுலபமாக நம்பிவிடுவேன், அதுதான் என் தப்பு என்று சொல்லவேண்டும். வல்லி அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை.

எதையும் மறைக்கவில்லை. புத்தகத்தைச் சொன்னாள். அந்தப் பெண் இரண்டு தடவை எழுந்து வந்ததைச் சொன்னாள். ஒரு மணி பஸ்ஸைச் சொன்னாள். மேஜைக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. கண்ணாடி போட்ட அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரைக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"பிறகு என்ன செய்தாய்?"

ஒன்றும் செய்யவில்லை என்பது அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் குனிந்து அவள் பதிலுக்குக் காத்திருந்தார்.

"அந்த வீட்டுக்குப் போனேன். அந்தம்மா கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மன்னிச்சிட்டாங்க. அழாதேன்னு சொல்லி, சேலைத் தலைப்பால என் கண்ணைத் துடைச்சுவிட்டாங்க."

சொல்லும்போதே அழுதாள். அந்தக் கண்ணீர் மட்டும் உண்மையாகவே வந்தது. யாரோ ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

அன்று மாலை பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். ஒன்பதாவது பெயர் அவளுடையது.

வீட்டில் அம்மா தெருமுழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். அப்பா பட்டறையிலிருந்து பாதியில் வந்து, சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரி படுமென்று ஓரத்தைத்தான் பிடித்திருந்தார். வல்லி ஒரு வாரம் எல்லாருக்கும் சிரித்தாள். எட்டாம் நாள் கழுகுமலை ரோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

மத்தியானம் கூட்டம் வடிந்திருந்தது. டாக்டர் ஊசிகளைக் கொதிநீரிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சிருச்சாமே" என்றார்.

"கிடைச்சிருச்சு டாக்டர்."

"என்ன கேட்டாங்க?"

வல்லி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போனேன் என்று சொன்னதையும், கையைப் பிடித்தேன் என்று சொன்னதையும், சேலைத் தலைப்பையும் சொன்னாள். டாக்டர் கடைசி ஊசியை வைத்துவிட்டு மூடியைப் போட்டார்.

"சீட்டை விட்டுடவா டாக்டர்?"

"உட்காரு" என்றார் டாக்டர்.

தானும் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் கேள்வி கேக்க உட்கார்ந்த ஒன்பதாவது வருஷம் ஒரு பையன் வந்தான். அப்பா வைத்தியம் பார்க்க ஆளில்லாம செத்துப்போனார்னான். மாட்டுவண்டியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம். பாதி வழியில என் மடியிலதான் உயிர் போச்சுன்னான். எனக்கு அழுகை வந்துருச்சு. முழு மார்க் போட்டேன். காலேஜ் திறந்த அன்னைக்கு, ஹாஸ்டல் வாசல்ல ஒருத்தர் டிரங்குப் பெட்டியோட நின்னார். அதே மூக்கு, அதே காது. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். என் பையன் இங்க சேர்ந்திருக்கான்மான்னார்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"வெயில்ல நின்னுட்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். வேற யார்கிட்டயும் சொல்லல."

"அந்தப் பையன்?"

"இப்பக் கண் டாக்டர். கெட்டிக்காரன். எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அவன்தான் செஞ்சான்."

வல்லிக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"அந்த வருஷம் வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேர் ஒரு பொண்ணு. கேட்டதுக்கெல்லாம் ஆமா, இல்லன்னு மட்டும்தான் பதில் சொன்னா. அவ சொன்னதுல ஒண்ணும் பொய்யில்ல. ஊருக்குத் திரும்பிப் போயிட்டா. என்ன ஆனாளோ. பேருகூட எனக்கு ஞாபகமில்ல. அடுத்த வருஷத்துலருந்து அந்த நாற்காலியில உட்கார என்னால முடியல."

வெளியே ஒரு லாரி போயிற்று. தகரக் கொட்டகை அதிர்ந்து அடங்கியது.

வல்லி எழுந்தாள்.

"நான் இப்பவே அந்த வீட்டுக்குப் போறேன் டாக்டர். சொன்னதை நிஜமாக்கிடுறேன்."

"வீடு பூட்டிக் கிடக்கு."

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க. மருமகன் வேற கல்யாணத்துக்குப் பார்க்கிறானாம். பேத்தியைத் தூக்கிட்டு, மகன்கூட திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க. விலாசம் நர்ஸுக்கும் தெரியல. பக்கத்து வீட்லயும் கேட்டுப் பார்த்தேன்."

"எப்பப் போனாங்க?"

"போன புதன்கிழமை."

புதன்கிழமை வல்லியின் வீட்டில் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க போனப்ப, என்னையத் திட்டினாங்களா?"

"இல்ல."

"என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?"

டாக்டர் சொல்ல வேண்டுமா என்று யோசிப்பதுபோல அவளையே பார்த்தார்.

"பேத்தியை மடியில போட்டுத் தட்டிக்கிட்டிருந்தாங்க. அப்ப ஒண்ணு கேட்டாங்க. அந்தப் பாப்பா தலையைத் தூக்காமப் படிச்சுக்கிட்டே இருந்துச்சே, என்ன படிக்குதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டாக்டருக்குன்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"'நல்லாப் படிக்கட்டும்'னாங்க."